நிற்கத் தெரிந்த இயந்திரம்

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், ஐயப்பன்தாங்கலில் இரண்டு விதமான போக்குவரத்து ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கிறது. கீழே மாநகரப் பேருந்துப் பணிமனை. அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு பேருந்துக்கும் ஓட்டுநர் ஒருவர் வேண்டும். மேலே, சாலை நடுவே எழுந்து நிற்கும் தூண்களின் மீது, சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4-ஆவது வழித்தடம். கலங்கரை விளக்கத்தில் தொடங்கி பூந்தமல்லி புறவழிச்சாலை வரை செல்லும் இந்த 26.1 கிலோமீட்டர் பாதை, ஓட்டுநர் இல்லாத ரயில்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. ஏப்ரல் 28 அன்று சோதனை போரூர் வரை நீண்டது. குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், தெள்ளியரகரம் என்று பல காலம் பேருந்து நிறுத்தங்களாக மட்டுமே இருந்த ஊர்ப்பெயர்கள் அன்று மெட்ரோ நிலையங்களின் பெயர்களாக உயிர் பெற்றன.

ஒரே ஊர், ஒரே திசை, ஒரே பயணிகள். ஆனாலும் மேலே போகும் ரயிலை இயந்திரத்திடம் ஒப்படைக்கத் துணிகிறோம். கீழே போகும் பேருந்தை ஒப்படைக்க முடியவில்லை. எடையும் ஆள்கூட்டமும் ரயிலில்தான் அதிகம். அப்படியிருக்க, ஏன் இந்த வேறுபாடு? தானியக்கம் என்னும் அறிவியலின் அடிப்படை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

ரயிலும் ரோபோதான்

ரோபோ என்றதும் இரண்டு கால், இரண்டு கை, பளபளக்கும் முகம் என்று கற்பனை செய்யத் திரைப்படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. பொறியாளர்கள் உருவத்தைப் பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றி நடப்பதை உணர வேண்டும், உணர்ந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டும், முடிவைச் செயலாக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் இயந்திரம் எதுவானாலும் அது ரோபோ. அந்த வகையில், வேகத்தையும் இருப்பிடத்தையும் தானே அளந்து, எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று தானே கணக்கிட்டு, மோட்டாரையும் பிரேக்கையும் தானே இயக்கும் மெட்ரோ ரயில் முழுமையான ரோபோ.

தொழிற்சாலை ரோபோக்களின் வரலாறு 1961-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் ‘யுனிமேட்’ என்ற இயந்திரக் கை வேலைக்குச் சேர்ந்தது. அச்சு வார்ப்பில் கொதிக்கக் கொதிக்க வெளிவரும் உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. அதன் வாரிசுகளைக் காண இன்று நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் ஆலையில் காரின் உடற்கூட்டைப் பற்றவைப்பவை இயந்திரக் கைகள்தாம்.

அந்தக் கைகளைச் சுற்றி வேலி இருக்கும். வேலிக்கதவு திறந்தால் கை நின்றுவிடும். இரும்புத் தகடு வரவேண்டிய இடத்தில், வரவேண்டிய கோணத்தில்தான் வரும். வேலிக்குள் எதிர்பாராதது எதுவும் நுழையாதபடி மனிதர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். ரோபோவின் திறமையில் பாதி அதன் உடலில் இருக்கிறது. மறுபாதி, அதற்காக ஒழுங்குபடுத்தப்பட்ட இடத்தில் இருக்கிறது. மெட்ரோவின் தூண்கள் செய்வதும் இதைத்தான். தரையிலிருந்து உயர்த்தப்பட்ட பாதை என்பது கிலோமீட்டர் கணக்கில் நீண்ட வேலி. அங்கே குறுக்கே மாடு வராது, எதிர்த்திசையில் இருசக்கர வாகனம் வராது. தண்டவாளம் இருப்பதால் திருப்புவது பற்றிய முடிவே ரயிலுக்குத் தேவையில்லை. எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு வேகத்தில் போவது, எங்கே நிற்பது?

கால் கிலோமீட்டர் பிரச்சினை

அந்த ஒரு கேள்வியும் எளிதானதல்ல. சென்னை மெட்ரோ ரயிலின் உச்ச இயக்க வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதாவது நொடிக்குச் சுமார் 22 மீட்டர். ரயிலில் பலர் நின்றுகொண்டு பயணம் செய்வார்கள். பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் அவர்கள் விழுவார்கள். அதனால் சாதாரண நிறுத்தத்தில் வேகத்தை ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் அளவுக்கே குறைப்பது வழக்கம். வேகத்தின் வர்க்கத்தை, வேகக்குறைப்பின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கத் தேவையான தூரம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். கணக்குப் போட்டால் வருவது சுமார் 250 மீட்டர். நேரம் 22 நொடிகள்.

அதே வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த தார்ச்சாலையில், நல்ல ரப்பர் டயர்களுடன் பிரேக்கை முழுதாக அழுத்தினால் 40 மீட்டர் அளவில் நின்றுவிடக்கூடும். ரயிலில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. உராய்வு குறைவு என்பதால்தான் குறைந்த மின்சாரத்தில் பெரும் எடையை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் சட்டென்று நிற்க முடிவதில்லை. மழை பெய்தால் இன்னும் வழுக்கும்.

இதன் பொருள் என்ன? கண்ணால் பார்த்து ரயிலை நிறுத்துவது நம்பத்தக்க வழி அல்ல. வளைவுக்கு அப்பால் நிற்கும் ரயில் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். எனவே ரயில் போக்குவரத்தில், ஓட்டுநர் இருந்த காலத்திலேயே, பாதுகாப்பு அவருடைய கண்ணை மட்டும் நம்பி இருக்கவில்லை. கண்ணுக்கு எட்டாததை அறிவிக்கும் சிக்னல் அமைப்பே ரயில்வேயின் உண்மையான மூளை. ஓட்டுநர் இல்லாத ரயில் அந்த மூளையின் அடுத்த வளர்ச்சி.

நான் எங்கே இருக்கிறேன்?

பழைய முறையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு துண்டுக்குள் ஒரு ரயில் இருந்தால் வேறு ரயில் அதற்குள் நுழையக் கூடாது. பாதுகாப்பான முறைதான், ஆனால் இடம் வீணாகும். துண்டின் கடைசியில் ரயிலின் வால் மட்டுமே இருந்தாலும், முழுத் துண்டும் பூட்டப்பட்டுக் கிடக்கும். பின்னால் வரும் ரயில் வீணாகக் காத்திருக்கும்.

ஓட்டுநர் இல்லாத ரயில்களில் இன்று பரவலாகப் பயன்படும் முறையில், ரயிலும் கட்டுப்பாட்டு அமைப்பும் ரேடியோ அலைகள் மூலம் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு ரயிலும் தான் இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அமைப்பு, முன்னே போகும் ரயிலின் வாலைக் கணக்கில் கொண்டு, பாதுகாப்பு இடைவெளி ஒன்றையும் விட்டு, ‘இந்த இடம் வரை வரலாம்’ என்று பின்னால் வரும் ரயிலுக்கு அனுமதி தரும். முன்னால் இருப்பது நகர நகர அனுமதியும் நீளும். இப்படிப் பாதுகாப்பைக் குறைக்காமலே ரயில்களை நெருக்கமாக விட முடிகிறது. சென்னை இரண்டாம் கட்டத்துக்கான இந்தச் சிக்னல் ஒப்பந்தம் ஹிட்டாச்சி நிறுவனத்துக்குத் தரப்பட்டது. 4-ஆவது வழித்தடத்தின் மூன்று பெட்டி ரயில்களை ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உள்ள ஆலையில் ஆல்ஸ்டாம் தயாரிக்கிறது.

இந்த முறை முழுவதும் ஒரு தகவலை நம்பி நிற்கிறது: ரயில் தன் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் கடந்த தூரம் தெரியும். ஆனால் சக்கரம் தேயும். விட்டம் 1 சதவீதம் குறைந்தால், ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் பிழை சேரும். மழையில் சக்கரம் வழுக்கினால் கணக்கு இன்னும் கெடும். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே குறிப்பிட்ட இடங்களில் சிறு அடையாளக் கருவிகளைப் பதிக்கிறார்கள். அதைக் கடக்கும்போது ரயில் அதன் எண்ணைப் படித்து, தன் கணக்கில் சேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ளும். பிறகு அடுத்த அடையாளம் வரும் வரை மீண்டும் சக்கரக் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டிய நேர்மை ஒன்று உண்டு. ரயில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒற்றைப் புள்ளியைச் சொல்வதில்லை. ‘இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறேன்’ என்று தன் ஐயத்தையும் சேர்த்தே சொல்கிறது. அடையாளக் கருவியைக் கடந்து தூரம் போகப் போக அந்த ஐயம் விரியும். அடுத்த கருவியில் மீண்டும் சுருங்கும். கட்டுப்பாட்டு அமைப்பு எப்போதும் மோசமான வாய்ப்பை எடுத்துக்கொண்டே கணக்கிடும். தன் அறிவின் எல்லையை அளந்து வைத்திருப்பது இந்த இயந்திரத்தின் மிகப் பெரிய பலம்.

1872-இன் இரண்டு கண்டுபிடிப்புகள்

கணினிக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கு வேண்டிய தத்துவம் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் 1872-இல் இரண்டு பொறியாளர்கள் தனித்தனியே காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகளில் அது இருக்கிறது.

முதலாமவர் வில்லியம் ராபின்சன். தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் மின்கலத்தை இணைத்தார்; மறுமுனையில் மின்காந்தத்தால் இயங்கும் விசை (ரிலே) ஒன்றை இணைத்தார். தண்டவாளம் வழியே மின்சாரம் வந்து சேரும்வரை அந்த விசை தூக்கி நிற்கும். ‘பாதை காலி’ என்று பொருள். ரயில் நுழைந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்து மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். விசை தன் எடையால் கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். இப்போது யோசித்துப் பாருங்கள்: மின்கலம் தீர்ந்துபோனால்? கம்பி அறுந்தால்? தண்டவாளமே உடைந்தால்? எல்லாவற்றுக்கும் ஒரே விளைவு: விசை விழும், சிக்னல் சிவப்பாகும்.

இரண்டாமவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். அவருடைய தானியங்கி பிரேக்கில், ரயில் நெடுகச் செல்லும் குழாயில் உள்ள காற்றழுத்தம் பிரேக்கைப் போடுவதில்லை. பிரேக் விழாமல் தடுத்து வைக்கிறது. குழாய் உடைந்தாலோ பெட்டி கழன்றாலோ அழுத்தம் குறையும்; எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானே விழும்.

இருவரும் சொன்னது ஒன்றே. ஓடுவதற்குத்தான் தொடர்ந்து ஆதாரம் வேண்டும். நிற்பதற்கு எந்த ஆதாரமும் வேண்டாம். எது கெட்டாலும் இயந்திரம் நின்ற நிலைக்கே போய்ச் சேர வேண்டும். இன்றைய மெட்ரோ ரயிலிலும் அவசர பிரேக்குக்கான மின்கம்பி இப்படித்தான் இயங்குகிறது: மின்சாரம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும், கம்பி அறுந்தால் பிரேக் விழும். ரேடியோ அனுமதியும் அப்படியே. குறித்த நேரத்துக்குள் புது அனுமதி வரவில்லை என்றால் ரயில் நின்றுவிடும். கணினிகளிலும் இதே எச்சரிக்கை: ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் தனித்தனியே போட்டு, விடைகளை ஒப்பிட்ட பிறகே ரயில் நகரும்.

ஒரு மௌனத்தின் விலை

மனிதர் இயக்குவது முதல் முழுத் தானியக்கம் வரை மெட்ரோக்களைப் பல படிகளாகப் பிரிக்கிறார்கள். லண்டனின் விக்டோரியா பாதை 1968-லேயே தானே ஓடி நிற்கும் ரயில்களுடன் தொடங்கியது; ஆனால் கதவை மூடவும் புறப்பட ஆணையிடவும் ஆள் இருந்தார். சென்னை மெட்ரோவின் முதல் கட்ட ரயில்களும் ஏறத்தாழ அந்தப் படியில் இருப்பவை. அடுத்த படி ஜப்பானின் கோபே நகரில் 1981-லும், பிரான்ஸின் லீல் நகரில் 1983-லும் வந்தது. அங்கே ஓட்டுநரே இல்லை. 2003-இல் சிங்கப்பூர், முழுக்க நிலத்தடியில் ஓடும் ஓட்டுநரற்ற பாதையைத் திறந்தது. லிட்டில் இந்தியாவுக்குப் போகும் தமிழர்கள் அன்று முதல் அதில் பயணம் செய்துவருகிறார்கள். இந்தியாவில் முதலில் டெல்லியின் மெஜந்தா பாதை, 2020 டிசம்பர் 28 அன்று இந்த நிலையை அடைந்தது.

இந்த நெடும் பயணத்தில் விபத்துகளும் உண்டு. அவற்றைப் படிப்பதே உண்மையான பாடம். 2019 ஜூன் 1 அன்று, ஜப்பானின் யோகஹாமா நகரில், ஷின் சுகிதா முனைய நிலையத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று புறப்பட்டது. போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 25 மீட்டர் ஓடித் தடுப்பில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காரணம், அறுந்துபோன ஒரு கம்பி. ‘திசை மாறிவிட்டது’ என்ற செய்தி அந்தக் கம்பி வழியே மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி வராவிட்டால் பழைய திசையையே வைத்துக்கொள்ளும்படி அந்தக் கருவி வடிவமைக்கப்பட்டிருந்தது. திசை மாறாததை ரயிலை இயக்கிய அமைப்பும் கண்டுபிடிக்கவில்லை. ராபின்சன் 1872-இல் மௌனத்தை ‘ஆபத்து’ என்று எடுத்துக்கொண்டார். இந்தக் கருவி மௌனத்தை ‘மாற்றமில்லை’ என்று எடுத்துக்கொண்டது.

டெல்லியின் பாடம் வேறு. மெஜந்தா பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்படச் சில நாட்களே இருந்த நிலையில், 2017 டிசம்பர் 19 அன்று, காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு ரயில் சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பராமரிப்புக்குப் பிறகு பிரேக்கைச் சரிபார்க்காமலே ரயிலை வெளியே எடுத்ததே காரணம். சிக்னல் மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. ஓட்டுநரை நீக்கினால் மனிதர் நீங்கிவிடுவதில்லை. பொறுப்பு பணிமனைத் தொழிலாளியின் கைக்கு, சோதனைப் பட்டியலுக்கு, அதில் கையெழுத்துப் போடுபவருக்கு மாறுகிறது.

தூணுக்குக் கீழே

இனி சாலைக்கு இறங்குவோம். ஐயப்பன்தாங்கலில் பேருந்து ஓட்டுபவர் ஒரு நிமிடத்தில் என்னென்ன முடிவுகள் எடுக்கிறார்? பயணி கையைக் காட்டியதும் ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோ நிற்குமா, நகருமா? நடுத்திட்டில் நிற்கும் பெண் சாலையைக் கடக்கப் போகிறாரா? தேங்கிய மழைநீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா? இவற்றுக்குத் தண்டவாள அடையாளம் போல உறுதியான விடை கிடையாது. பழக்கத்தாலும் ஊகத்தாலும், எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தும் அவர் முடிவெடுக்கிறார். ரயிலுக்கு உதவிய ‘ஐயம் வந்தால் நில்’ என்ற விதியும் இங்கே அப்படியே உதவாது. ஐயம் வரும்போதெல்லாம் நிற்கும் பேருந்து, பணிமனை வாசலையே தாண்டாது. நெரிசலில் திடீரென்று நின்றால் அதுவே பின்னால் வருபவருக்கு ஆபத்து.

திறந்தவெளி எவ்வளவு கடினமானது என்பதை 2004-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டி காட்டியது. மொஹாவி பாலைவனத்தில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தானே ஓட வேண்டிய வண்டிகளில், அதிகம் போனது 12 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டுப் போட்டியிலேயே ஐந்து வண்டிகள் அந்த ஆண்டின் பாதையை முழுமையாக முடித்தன என்பது ஆராய்ச்சியின் வேகம். ஆனாலும் ஆளற்ற டாக்சிகள் இன்றும் விரிவாக வரைபடமிட்ட, தேர்ந்தெடுத்த நகரங்களில்தான் ஓடுகின்றன.

ஆவடியிலும் இதற்கொரு சான்று உண்டு. அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், 2017-இல் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா கவச ஊர்தியை வெளிக்காட்டியது. கண்காணிப்பு, கண்ணிவெடி கண்டறிதல், அணுக் கதிர்வீச்சு அல்லது உயிரி ஆயுத அபாயம் உள்ள இடங்களில் ஆய்வு ஆகியவற்றுக்கென அதில் மூன்று வகைகள். ஊர்திக்குள் ஆள் இல்லை. ஆனால் தொலைவிலிருந்து அதை இயக்குபவர் இருக்கிறார். கண்ணிவெடி புதைந்த நிலத்திலிருந்து மனித உடலை விலக்கிவிட்டு, மனித முடிவை மட்டும் வைத்துக்கொண்ட அறிவார்ந்த பங்கீடு அது.

ஆக, சென்னையின் மேற்குப் புறநகரிலேயே தானியக்கத்தின் படிகள் எல்லாம் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் வேலிக்குள் நிற்கும் கை, பூந்தமல்லிப் பாதையில் தூண்மேல் ஓடும் ரயில், ஆவடியில் மனிதர் தொலைவிலிருந்து நடத்தும் ஊர்தி, ஐயப்பன்தாங்கல் சாலையில் மனிதரே ஓட்டும் பேருந்து. இந்த வரிசையைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் புத்திக்கூர்மை மட்டுமல்ல. சுற்றுப்புறத்தில் எவ்வளவு நிச்சயம் இருக்கிறது என்பதும், நிச்சயம் இல்லாதபோது பத்திரமாக நிற்க இடம் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஓட்டுநரின் வேலை என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. அதைத் திட்டமிடும்போதே பேசித் தீர்க்க வேண்டும். 1900-இல் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் முதல் பாதை, 2011–12-இல் ஓட்டுநரற்ற ரயில்களுக்கு மாறியது. அதன் ஓட்டுநர்களை வேறு பாதைகளுக்கும் வேறு பொறுப்புகளுக்கும் மாற்றினார்கள். கட்டுப்பாட்டு அறை, பராமரிப்பு, நிலையத்தில் பயணிக்கு உதவி என்று மனித உழைப்பு தேவைப்படும் இடங்கள் பல. அந்த வேலைகளுக்கு உரிய பயிற்சியையும் ஊதியத்தையும் தருவது தானியக்கத்தின் செலவுக் கணக்கிலேயே சேர வேண்டும்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு ஆண்டும் ஏராளமான மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாக ரோபோ செய்கிறார்கள். கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் வண்டி, பொருளை எடுத்து வைக்கும் கை என்று ஓடுவதைக் காட்டிக் கைதட்டல் பெறுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைதட்டல் ஓய்ந்த பிறகு, உங்கள் ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சென்சார் கம்பி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அது பழைய செய்தியை நம்பி ஓடிக்கொண்டே இருந்தால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. நின்றுவிட்டால், மனிதர்கள் நம்பி ஏறக்கூடிய இயந்திரத்தைச் செய்ய நீங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டீர்கள்.